மூப்பர் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இருக்கிறீர்களா?

மாயவரம் பேரன்:
தாத்தா பொறையாற்றுக்கு மேற்கே ஒரு சின்ன ஊரில் சபை மூப்பர். லுத்தரன் சபை. ஐயர், அதாவது சபைப் போதகர், எப்போதாவதுதான் வருவார், மற்ற ஞாயிறெல்லாம் ஆராதனை நடத்துவது உபதேசியாரும் தாத்தாவும்தான். உங்களுக்குத் தெரியாததா, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

கீழ்வெண்மணி 1968 என்றால், இது அதற்குக் கொஞ்சம் முன்பு. ஆராதனை முடிந்து நானும் அவரும் வாய்க்கால் கரையோடு நடந்து வருகிறோம். எதிரே பண்ணையார் வில்வண்டி. தாத்தா செருப்பைக் கழற்றி இடது அக்குளில் இடுக்கிக்கொண்டார். அங்கே ஏற்கெனவே வேதப்புத்தகம் இருந்தது. வண்டி தாண்டிப் போகும்வரை இரண்டும் ஒன்றாகவே இருந்தன. கறுப்பு அட்டையில் சேறு அப்பிவிட்டது.

அன்று காலையில்தான் இதே மனிதர், குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடித்த ஒருவனைப் பார்த்து, "இந்தத் தடவ நீ ராப்போஜனத்துக்கு வரக்கூடாது" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அப்பமும் திராட்சரசமும் வாங்குவதிலிருந்தே விலக்கிவிட்டார். அந்த முரடன் மறுபேச்சுப் பேசாமல் வெளியே போனான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாயி ஈரத்துணியால் அட்டையைத் துடைத்தாள், அப்புறம் செருப்பையும் துடைத்துத் திண்ணையோரம் வைத்தாள். என்ன நடந்தது என்று கேட்கவே இல்லை. வழக்கமாக நடக்கிறதுதான் போல. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

கொள்ளிடக்கரை:
நாங்கள் ஆர்.சி., ரோமன் கத்தோலிக்கர். எங்களில் மூப்பர் கிடையாது, கோவில்பிள்ளை. மணியடிக்க, விளக்கேற்ற, சாவு வீட்டில் ஜெபம் சொல்ல எல்லாம் தாத்தா பொறுப்பு. பாதி வேலையை இழுத்துப்போட்டுச் செய்தது அப்பாயி.

ஆடியில் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்துவிட்டால் பங்குச் சாமியார் அக்கரையோடு சரி. அப்படி ஒரு ராத்திரி பக்கத்துத் தெருவில் பிறந்த குழந்தை மூச்சுக்குத் திணறியது. சாகக்கிடக்கிற பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். தாத்தாவுக்குத் தெரியாததில்லை, ஆனால் கை நடுங்கிவிட்டதாம். அப்பாயி செம்பை வாங்கி, தலையில் தண்ணீரை ஊற்றி, பிதா சுதன் சொல்லி முடித்துவிட்டாள். என்ன பேர் வைத்தாய் என்று கேட்டேன். "அந்தோணின்னேன். அந்த நேரத்துல வேற எது வாயில வரும்?"

பிறந்தது பெண் குழந்தை. அந்த அவசரத்தில் யாரும் பார்க்கவில்லை! பிழைத்தும்கொண்டது, அந்தோணியம்மாள் ஆகிவிட்டது. பிற்பாடு அந்த அம்மாள் தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க எங்கள் வீட்டுக்கு வந்தார். பேர் வந்த கதை அவருக்குத் தெரியுமா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.

வடக்குவாசல்:
கோவில்பிள்ளை வேறு, மூப்பர் வேறு. கோவில்பிள்ளை கோயில் வேலைக்கு ஆள். மூப்பர் சபையில் அதிகாரம் உள்ளவர். இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

முதல் பதிவு போட்டவருக்கு: உங்கள் தாத்தா செருப்பைக் கழற்றினார், வருத்தம்தான். எங்கள் ஊர் மூப்பர் பிறரைக் கழற்ற வைத்தவர். கிறிஸ்தவர்தான், நிலபுலன் உள்ள மேல்சாதி வீடு. கோயிலுக்குள்ளேயே அவர்களுக்கு ஒரு பக்கம், எங்களுக்கு ஒரு பக்கம். இது நேற்று வந்ததில்லை. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவு போட்டபோது, தஞ்சாவூரில் அதை எதிர்த்தவர்களில் வேதநாயகம் சாஸ்திரியாரும் ஒருவர். அவர் கீர்த்தனையை நானும்தான் பாடுகிறேன். அதற்காக இதை மறைக்க முடியுமா?

என் கண்ணில் நிற்பது ராப்போஜனக் கிண்ணம். மூப்பர் வீட்டார் எல்லாரும் குடித்த பிறகுதான் எங்கள் வரிசைக்கு வரும். அம்மா குடிப்பதற்கு முன் முந்தானையால் வாயை அழுந்தத் துடைத்துக்கொள்வாள். அந்தப் பக்கத்தில் யாரும் துடைத்து நான் பார்த்ததில்லை.

கொள்ளிடக்கரை:
வேலைக்கு ஆளா? எங்கள் ஊருக்கு வந்து அப்படிச் சொல்லிப் பாருங்கள். சாவு விழுந்தால் முதல் ஆள் கோவில்பிள்ளை வீட்டுக்குத்தான் ஓடும்.

பழைய ஏடு:
என் முப்பாட்டனார் உபதேசியார். ஞானஸ்நானப் பதிவேட்டில் சாட்சி என்று அவர் கையெழுத்து இருக்கிறது, விரலை வைத்துப் பார்த்தேன். என் கதை அவ்வளவுதான்.

ஆனால் எல்லாரும் செவிவழிக் கதையோடு நிறுத்துகிறீர்களே! முதலில் பதிவேட்டைப் பாருங்கள். பேரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள், ஒரே ஊரில் ஏழெட்டு ஞானப்பிரகாசம் இருப்பார்கள். ஞானப்பெற்றோர் யார் என்று பாருங்கள், சொந்தம் அங்கேதான் பிடிபடும். ஆர்.சி. என்றால் கிளைக் கிராமத்துப் பதிவு தாய்ப்பங்கில், அதாவது சாமியார் தங்கியிருக்கிற தலைமைக் கோயிலில், இருக்கும். லுத்தரன் என்றால் கொஞ்சம் வரலாறு தெரிய வேண்டும். முதல் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்தது 1706, அந்தக் காலத்துக் கடிதங்கள் ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் இருக்கின்றன. டேனிஷ்காரர் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றது 1845. அதற்குச் சற்று முன்பே ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் வந்துவிட்டது. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை என்று ஆனது 1919-இல். எந்தக் காலம் என்று தெரியாமல் போய் நின்றால் எந்த அலமாரியைத் திறக்கச் சொல்வீர்கள்? கல்லறை எழுத்தைக் காலை வெயில் சாய்ந்து விழும்போது படம் எடுங்கள். எண்ணெய் தடவாதீர்கள், சுண்ணாம்புக்கட்டி தேய்க்காதீர்கள். உயிரோடு இருக்கிற கிழவிகளிடம் முதலில் கேளுங்கள், கல் எங்கேயும் ஓடிவிடாது.

மாயவரம் பேரன்:
அண்ணே, நன்றி. நான் பதிவேடு கேட்கவில்லையே.

வடக்குவாசல் சொன்னதற்கு மறுப்பில்லை. எங்கள் ஊர்ச் சபை முழுக்கப் பண்ணையாள் குடும்பங்கள், அதனால் அந்தக் கிண்ணச் சண்டை எங்களுக்குத் தெரியாது. மூப்பர் பெண்டாட்டிகளைப் பற்றி யாரும் எழுதவில்லை. பிடி அரிசிக் கலயம் அவர்கள் கையில்தானே இருந்தது?

வேதாரண்யம் சாலை:
இருந்தது. அம்மாயி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போடுவாள், அது சாமிக்கு. மற்ற வீடுகளில் சேர்ந்ததும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். ஏலம் விடும்வரை மூப்பர் பொறுப்பு.

1952 நவம்பர் கடைசியில் நாகப்பட்டினத்தில் அடித்த புயலில் கூரை போனது, நின்ற சம்பாவும் சாய்ந்துபோனது. தெருவில் இருந்தவர்கள் கோயிலுக்குள் அடைந்துகிடந்தார்கள், எங்கள் ஆட்கள் மட்டும் இல்லை, எல்லாரும். அம்மாயி சபை அரிசியை எடுத்து அண்டாவில் கொட்டிவிட்டாள். தாத்தா, "கமிட்டி கேட்காம காணிக்கையத் தொடலாமா?" என்று சத்தம் போட்டாராம். அவள் அகப்பையை அவர் பக்கம் நீட்டி, "அப்ப நீங்களே வந்து இந்தப் புள்ளைகளுக்குச் சொல்லுங்க" என்றாளாம். அவர் வாயே திறக்கவில்லை. பிறகு குறுவை அறுத்ததும் அத்தனை அரிசியையும் சொந்தக் களத்திலிருந்து அளந்து கோயிலில் கொண்டுபோய் வைத்தார். அதையும் அவளிடம் சொல்லவில்லை, உபதேசியார் சொல்லித்தான் தெரியும்.

அன்றைக்கு அந்தக் கஞ்சியை அவர் குடித்தாரா என்று அம்மாயியிடம் கேட்டேன்.

"குடிக்காம? ரெண்டாந்தடவ ஊத்தச் சொன்னாரு. துவையல் இல்லையான்னு வேற கேட்டாரு."