கலைச்சொல் தேவை: கால்பந்தில் ‘லோன்’ (கைல் வாக்கர் கட்டுரைக்காக)

எழுதியவர்: கடைசி பெஞ்சு

நண்பர்களே,

கைல் வாக்கரைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். இங்கிலாந்தின் வலதுபுறத் தடுப்பாட்டக்காரர். 1990ல் ஷெஃபீல்டில் பிறந்தவர். மான்செஸ்டர் சிட்டிக்காக ஆடி 6 முறை பிரீமியர் லீக் பட்டம் வென்றவர், 2023ல் ஒரே பருவத்தில் 3 பெரிய கோப்பைகளையும் தூக்கிய அணியில் இருந்தவர். கோப்பைக் கணக்கை எழுதுவதில் ஒரு தொல்லையும் இல்லை. தொல்லையெல்லாம் முதல் 3 வருடங்களில்.

அவருடைய கழகமான ஷெஃபீல்ட் யுனைடெட் அவரை 2008 நவம்பரில், 18 வயதில், நார்த்தாம்ப்டன் டவுனுக்கு ‘லோன்’ கொடுத்தது. அதாவது, ஆளை விற்காமல், சில காலம் அங்கே போய் ஆடிவிட்டு வரச் சொன்னது. மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டேன். “வாக்கர் கடனில் நார்த்தாம்ப்டன் சென்றார்” என்று வந்தது. பின்னால் நின்று எட்டிப் பார்த்த என் மனைவி, “பதினெட்டு வயசுல அப்படி என்ன கடன் அந்தப் பையனுக்கு? வட்டிக்காரனுக்குப் பயந்து ஊரை விட்டே ஓடிட்டானா?” என்றாள். அன்றைக்கு நிறுத்தியதுதான் கட்டுரை.

இந்த மனிதருக்கு மொத்தம் 5 லோன். நார்த்தாம்ப்டன் ஒன்று. 2009 ஜூலையில் டாட்டன்ஹாம் அவரை விலைக்கு வாங்கி, அதே மூச்சில் ஷெஃபீல்டிடமே ஒரு பருவத்துக்கு விட்டுவைத்தது இரண்டு. 2010 செப்டம்பரில் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் மூன்று. 2011 ஜனவரியில் ஆஸ்டன் வில்லா நான்கு. பிறகு 14 வருடம் இந்தப் பேச்சே இல்லை. 34 வயதில், 2025 ஜனவரியில், ஏசி மிலான். ‘கடன்’ என்று எழுதினால் ஆள் ஆயுள் முழுக்கக் கடன்காரர். ‘லோன்’ என்றே விட்டால் இந்தக் குழு எதற்கு? சொல்லுங்கள்.

*

எழுதியவர்: காசாளர்

கடன் என்றால் வட்டி, பிணை, தவணை. இருபத்தெட்டு வருடம் வங்கி கவுண்டரில் உட்கார்ந்தவன் சொல்கிறேன், அந்தச் சொல்லிலிருந்து பணத்தின் வாசனையைப் பிரிக்க முடியாது. ‘கைமாற்று’ சரியாக வருமா? வட்டி கிடையாது, குறுகிய காலம், நம்பிக்கையின் பேரில் கொடுப்பது. “வாக்கர் கைமாற்றாக வில்லாவுக்குப் போனார்.”

*

எழுதியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

கைமாற்றாக 500 ரூபாய் வாங்கினால் திரும்பக் கொடுப்பது அதே நோட்டையா? வேறு 500 ரூபாய். திருக்குறள் 221ல் வரும் ‘குறியெதிர்ப்பை’ அந்த வகைதான்: அரிசியோ உப்போ அளந்து வாங்கி, அதே அளவு திருப்பி அளந்து கொடுப்பது. வாக்கரை வாங்கிய கழகம் பருவ முடிவில் அதே எடையுள்ள இன்னொரு தடுப்பாட்டக்காரரை அனுப்பிவைக்க முடியாதல்லவா?

இன்னொன்று. நாம் பேசுவது ஓர் ஆளைப் பற்றி. அண்டாவையோ கடப்பாரையையோ பற்றியல்ல. ஆளை அனுப்புவதற்கு நம் அரசு அலுவலகங்களில் ஏற்கெனவே சொல் இருக்கிறது: ‘அயற்பணி’, பள்ளிகளில் ‘மாற்றுப்பணி’. நானே போயிருக்கிறேன். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து ஒரு பள்ளியில், சம்பளப் பட்டியலில் பெயர் வேறொரு பள்ளியில். போன இடத்தில் “இவர் நம்மவர் இல்லை” என்று அரையாண்டுத் தேர்வு வரை ஓர் அலமாரிகூடத் தரவில்லை, விடைத்தாள் கட்டையெல்லாம் பையிலேயே தூக்கித் திரிந்தேன். திரும்பி வந்தபோது என் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார், அவர் எழுந்திருக்கவும் இல்லை. ‘அயற்பணி வீரர்’ என்று எழுதுங்கள்.

*

எழுதியவர்: உதைபந்து

வணக்கம். நான் யாழ்ப்பாணம். எங்களுக்கு இது உதைபந்தாட்டம், தடுப்பாட்டக்காரர் எங்களுக்குப் பின்கள வீரர். அது ஒருபுறம் கிடக்கட்டும்.

மாஸ்டர், “அயற்பணியில் மிலான் சென்றார்” எண்டு வாசிச்சால் கச்சேரிக்கு (எங்கட ஊர் அரசாங்க அலுவலகம்) போன கிளார்க் மாதிரியெல்லோ கிடக்கு! மைதானத்தில கத்துறவனுக்கு வாயில வரவேணும். நாங்கள் சைக்கிள் வாங்கினாலும், புத்தகம் வாங்கினாலும், கலியாணத்துக்குச் சங்கிலி வாங்கினாலும் சொல்லுறது ஒண்டுதான்: இரவல். ‘இரவல் வீரர்’. முடிஞ்சுது.

*

எழுதியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

முடியவில்லை தம்பி. இரவல் ‘இர’ என்ற வேரில் பிறந்தது. இரத்தல் என்றால் பிச்சை எடுத்தல். அடுத்து யாராவது ஆர்வக்கோளாறில் ‘லோனி’ (லோனில் போகும் வீரர்) என்பதற்கு ‘இரவலர்’ என்று எழுதுவார்கள். புறநானூற்றில் இரவலர் யார்? பரிசில் கேட்டு மன்னன் வாசலில் நிற்கும் பாணரும் புலவரும். வாரம் ஆயிரக்கணக்கில் பவுண்டு வாங்குகிறவரை அந்த வரிசையில் நிறுத்துவீர்களா?

*

எழுதியவர்: காசாளர்

ஆனால் ஐயா, சட்டையில் பெயர் போடும் விளம்பரதாரரை இப்போதே ‘புரவலர்’ என்றுதான் எழுதுகிறார்கள். புரவலர் நெஞ்சில், இரவலர் சட்டைக்குள். சங்க இலக்கியமே மைதானத்தில் இறங்கிவிடும். (கோபிக்க வேண்டாம்.)

*

எழுதியவர்: மேட்டாங்காடு

நான் இந்தக் குழுவில் அதிகம் எழுதுவதில்லை. கால்பந்தும் பெரிதாகத் தெரியாது, மகன் பார்ப்பான். ஆனால் முதல் மடலைப் படித்ததும் எனக்கு ஆடுதான் ஞாபகம் வந்தது.

எங்கள் பக்கம் ஆட்டை ‘வாரத்துக்கு’ விடுவார்கள். என் அப்பாயி பெட்டைக்குட்டி வாங்கி, மேய்க்க ஆள் இருக்கும் வீட்டில் விட்டுவிடுவார். ஆடு அவருடையது. மேய்ப்பும் தழையும் அவர்களுடையது. ஈனும் குட்டியில் பாதிப் பாதி. கொடுக்கும்போது அப்பாயி காதைப் பிடித்துப் பார்த்து, ஓரத்தில் முக்கோணமாக ஒரு வெட்டு வைப்பார். நாளைக்கு மந்தையில் கலந்தாலும் நம் ஆடு எது என்று தெரிய வேண்டுமே. குட்டியாகப் போனது இரண்டு வருடத்தில் கிடாவை முட்டித் தள்ளுகிற ஆடாகத் திரும்பும்.

18 வயதுப் பையனை ஏன் சின்ன ஊருக்கு அனுப்புகிறார்கள்? அங்கே மேய்ந்து கொழுத்து வரத்தானே? ‘வார வீரர்’ என்றால் என்ன?

*

எழுதியவர்: கடைசி பெஞ்சு

அக்கா, இதுவரை வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த மடல் உங்களுடையதுதான். ‘வார வீரர்’ என்றால் நகரத்து வாசகர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடுகிறவர் என்று நினைத்துவிடுவார், அதனால் தலைப்புக்கு ஆகாது. ஆனால் நீங்கள் சொன்ன காரணம் அப்படியே பொருந்துகிறது. நார்த்தாம்ப்டன் அப்போது மூன்றாம் அடுக்கு. வாக்கர் அங்கே ஆடியது 9 லீக் ஆட்டம்தான். திரும்பி வந்த சில மாதத்தில், 2009 மே மாதம், வெம்ப்ளியில் பிளே-ஆஃப் (பிரீமியர் லீக்குக்கு ஏறுவதற்கான) இறுதி ஆட்டத்தில் ஷெஃபீல்டுக்காக இறங்கினார். பர்ன்லியிடம் 1–0 தோல்வி. தோற்றும் டாட்டன்ஹாம் கண்ணில் பட்டார். அவரையும் இன்னொரு கைலையும் (கைல் நாட்டன், அவரும் ஷெஃபீல்டுக்காரர், அவரும் வலதுபுறம்) சேர்த்துச் சுமார் 90 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார்கள். வாங்கிய கையோடு நம்மவரை மட்டும் பழைய பட்டியிலேயே விட்டுவைத்தார்கள். 2010 தொடக்கத்தில், பருவம் முடியும் முன்பே, திரும்ப ஓட்டிக்கொண்டார்கள்.

சொற்களை வாக்கியத்தில் போட்டுப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது என்பது என் கட்சி. அதோடு ஒற்றைச் சொல் கிடைத்தால் போதாது, அதன் சுற்றமும் கூடவே வர வேண்டும். கொடுப்பது, எடுப்பது, பாதியில் திரும்பப் பெறுவது, பிடித்திருந்தால் வாங்கிக்கொள்வது எல்லாவற்றையும் அதே சொல் தாங்குமா? ‘அயற்பணி’ முதல் இரண்டைத் தாங்குகிறது. நான்காவதில் விழுந்துவிடுகிறது. அயற்பணிக்கு வந்த தாசில்தாரை, பிடித்திருக்கிறது என்று யாரும் விலைக்கு வாங்குவதில்லை. மிலான் ஒப்பந்தத்தில் அந்த உரிமை இருந்தது. மிலான் வாங்கவில்லை. 2025 கோடையில் வாக்கர் பர்ன்லிக்குப் போனார், வெம்ப்ளியில் தன்னைத் தோற்கடித்த அதே பர்ன்லி.

நேற்று இரவு விதிகளைப் புரட்டியபோதுதான் எனக்கு மனம் ‘இரவல்’ பக்கம் சாய்ந்தது. 2022ல் ஃபிஃபா சர்வதேச லோன்களுக்கு விதி கொண்டுவந்தது. அதிகபட்சம் ஒரு வருடம். லோனில் வந்தவரை மூன்றாவது கழகத்துக்கு மறுபடி லோன் கொடுக்கக் கூடாது. இதை என் அம்மாவிடம் சொல்லியிருந்தால், “இதுக்கு ஒரு விதியா?” என்று கேட்டிருப்பார். எதிர் வீட்டிலிருந்து இரவல் வாங்கின இட்லிப் பாத்திரத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு நான் வாங்கிய அடி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பிரீமியர் லீக்கில் இன்னொரு விதி: லோனில் இருப்பவர் தன்னை அனுப்பிய கழகத்துக்கு எதிராக இறங்க முடியாது. வில்லாவில் இருந்தபோது டாட்டன்ஹாமுக்கு எதிரே வாக்கர் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். அதுவும் ஊர் வழக்கம்தான். இரவல் நகையைக் கொடுத்தவள் வீட்டுக்கே அதைப் போட்டுக்கொண்டு போய் மினுக்குவதில்லை.

ஆனால் வழக்கத்தில் இல்லாததும் ஒன்று நடந்திருக்கிறது. வில்லாவுக்காக அவருடைய முதல் ஆட்டம் 2011 ஜனவரியில், எஃப்.ஏ. கோப்பையில், எதிரணி ஷெஃபீல்ட் யுனைடெட். வளர்த்த வீட்டுக்கு எதிராகவே கோல் போட்டார். விற்று முடித்துவிட்டதால் விதியில் தடை ஏதும் இல்லை.

*

எழுதியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

இட்லிப் பாத்திரத்துக்குப் பணிகிறேன். கொடுத்த பொருளே திரும்ப வர வேண்டும், கைமாற்றி விடக் கூடாது, கேட்டபோது கொடுத்தாக வேண்டும். இந்த மூன்றும் ‘இரவல்’ என்ற சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன, நாம் புதிதாக ஊற்ற வேண்டியதில்லை. ‘இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்’ என்ற பழமொழியும், இரவல் வீரரை நம்பிச் சொந்தத் தடுப்பாட்டக்காரரை விற்கும் மேலாளர்களுக்கு உதவும்.

இரண்டு நிபந்தனை. ஒன்று, ‘இரவலர்’ கூடாது. ‘இரவல் வீரர்’ மட்டும். இரண்டு, ‘இரவலில் சென்றார்’ என்று எழுதாதீர்கள், அது ‘லோனில்’ என்பதன் நிழல். ‘இரவலாகச் சென்றார்’, ‘இரவலாகப் பெற்றது’. பாதியில் அழைப்பதற்கு ‘மீட்டழைப்பு’. அனுப்பிய கழகத்துக்கு, தாய்த்துறை என்பதைப் போல, ‘தாய்க் கழகம்’.

*

எழுதியவர்: காசாளர்

ஐயா! “வாக்கர் மீண்டும் தாய்க் கழகத்தில் இணைந்தார்” என்று காலையில் தலைப்பு வந்தால், தமிழ்நாட்டில் பாதிப் பேர் பெரியார் திடலில் சால்வை போடும் படத்தைத் தேடுவார்கள். அந்தச் சொல்லை திராவிடர் கழகத்துக்கு என்று எப்போதோ பட்டா போட்டுக் கொடுத்தாயிற்று.

*

எழுதியவர்: உதைபந்து

‘சொந்தக் கழகம்’ எண்டு விடுங்கோ. இரவல் எண்டால் அதுக்கு எதிர்ச்சொல் சொந்தம்தானே.

*

எழுதியவர்: கடைசி பெஞ்சு

அதுவே சரி. இரவலும் சொந்தமும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும்போது யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. திருத்திய பத்தி கீழே:

“2008ல் நார்த்தாம்ப்டனுக்கு இரவலாகச் சென்ற வாக்கர், அடுத்த ஆண்டு டாட்டன்ஹாமுக்கு விற்கப்பட்டார். அந்தக் கழகம் அவரை ஷெஃபீல்டிடமே இரவலாக விட்டுவைத்து, 2010 தொடக்கத்தில் மீட்டழைத்தது. மார்ச்சில் போர்ட்ஸ்மத்துக்கு எதிராகப் பிரீமியர் லீக்கில் முதன்முதலாக ஆடினார். அடுத்த பருவத்தை முதலில் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸிலும் பின்னர் ஆஸ்டன் வில்லாவிலும் இரவல் வீரராகக் கழித்துவிட்டுச் சொந்தக் கழகம் திரும்பினார். 2011–12ல் சிறந்த இளம் வீரருக்கான விருது அவருக்குக் கிடைத்தது. 2017ல் மான்செஸ்டர் சிட்டி அவரைச் சுமார் 4.5 கோடி பவுண்டுக்கு வாங்கியது. 2025 ஜனவரியில், வாங்கும் உரிமையுடன் கூடிய இரவலாக ஏசி மிலான் பெற்றது.”

சத்தமாகப் படித்துக் காட்டினேன். மனைவி இந்த முறை கடனைப் பற்றிக் கேட்கவில்லை. “திருப்பிக் கொடுத்தாங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

மிலானின் சான் சிரோ மைதானத்தைப் பற்றி ஒரு வரி சேர்க்கிறேன். 2019 நவம்பரில் இத்தாலியின் அட்டலாண்டா கழகம் மான்செஸ்டர் சிட்டியுடன் சாம்பியன்ஸ் லீக்கில் மோதியது அங்கேதான். சிட்டியின் கோல்காப்பாளர் எடர்சனுக்கு இடைவேளையில் மாற்று வந்தார், அந்த மாற்றும் சிவப்பு அட்டை வாங்கினார். கடைசிப் பத்து நிமிடம் வாக்கரே கையுறை மாட்டி வலையைக் காத்தார். ஒரு கோலும் விடவில்லை, 1–1. அந்த வேலைக்கும் சொல் தேடாதீர்கள், ‘ஆபத்துக்குக் கோல்காப்பாளர்’ என்று எழுதிவிட்டேன்.

*

எழுதியவர்: காசாளர்

கடைசியாக ஒன்று. வாங்கும் ‘உரிமை’ சரி. கட்டாயம் வாங்கியே ஆக வேண்டும் என்று எழுதிக்கொண்டு தரும் லோனும் இருக்கிறதே? 2017ல் பிரெஞ்சு வீரர் எம்பாப்பே மொனாக்கோ கழகத்திலிருந்து பாரிஸ் கழகத்துக்குப் போனதுகூட முதலில் லோன், அடுத்த வருடம் 18 கோடி யூரோ. திரும்பி வரவே போவதில்லை என்று தெரிந்து கொடுப்பது இரவலா?

*

எழுதியவர்: மேட்டாங்காடு

அது தவணைக்கு எடுத்த கிரைண்டர். தனி இழையாகத் தொடங்குங்கள்.