மிருதங்கத் தொப்பிக்கு ரவை வேண்டாமாம்! சங்கீதப் பள்ளி நோட்டீஸ் பாத்தீங்களா?

உடுமலைக் காத்து:
வீதிக்குள்ள இருக்கற சங்கீதப் பள்ளி ஒண்ணு வாட்ஸப்புல விட்டிருக்கற நோட்டீஸ் இது: "மிருதங்க வகுப்புப் பிள்ளைகள் இனி ரவை கொண்டுவர வேண்டாம். எல்லாத் தொப்பியிலும் சிலிக்கான் ஒட்டியாச்சு. நாதத்தில் எந்த வித்தியாசமும் இல்லை."
ஏனுங்க, எந்த வித்தியாசமும் இல்லையா? எழுதுன கை கூசலையா? வலந்தலை, அதாவது வலது பக்கத் தோல், நிக்கற ஸட்ஜத்துக்கு ஒரு ஸ்தாயி கீழ தொப்பி, அதாவது இடது பக்கத் தோல், நிக்கோணும். அதுக்குத்தான் தொப்பி நடுவுல பிசைஞ்சு அப்பற ரவையைக் கூட்டறதும் கிள்ளறதும். ஒட்டிப்போட்ட சிலிக்கான் ரப்பரை எப்படிங்க கிள்ளுவீங்க? 1 கட்டைச் சுருதிக்கும் அதே கட்டி, 5 கட்டைக்கும் அதே கட்டியா?

நொய்யல் நாதம்:
1 கட்டைக்கும் 5 கட்டைக்கும் ஒரே மிருதங்கத்துலயா வாசிப்பாங்க? தக்கு சுருதிக்கு ஒண்ணு, எச்சு சுருதிக்கு ஒண்ணுன்னு தனித்தனியாத்தானே இருக்குது. இது தெரியாமயே ஒரு பஞ்சாயத்து.
வகுப்பு 45 நிமிஷம், பொடுசுக 12. ரவை ஊற, பிசைய, அப்ப 15 நிமிஷம். கடைசியில சுரண்ட 10. மிச்ச நேரத்துல என்னத்தைச் சொல்லித் தர்றது? தண்ணி கூடிப்போச்சுன்னா தோல் ஊறித் தொய்யுது. சுரண்டாம வெச்சுட்டா கல்லா இறுகிக்குது, மறுநா கரண்டிக் காம்புல நோண்டித் தோலையே கிழிச்சர்றாங்க. எறும்பும் எலியும் அதுக்கு மேல.

உடுமலைக் காத்து:
சரி, 5 கட்டைக்கும் ஐந்தரைக் கட்டைக்கும்னே வெச்சுக்குங்க. தொப்பி தொப்பிதான்.
இறுகுதுன்னா அப்பத் தெரியலைன்னு அர்த்தம். சொல்றேன், எழுதிக்குங்க. சன்ன ரவை, வறுக்காத ரவை. வறுத்ததுல பசை வராது, அது உப்புமாவுக்கு. ரெண்டு ஸ்பூன் ரவைக்குத் தண்ணி தெளிச்சாப் போதும், ஊத்தக் கூடாது. அஞ்சு நிமிஷம் ஊறட்டும். கையில ஒட்டாம இழுபடற வரைக்கும் பிசையோணும். தோல் நடுவுல ஈரத்துணியால ஒரு தடவு. அப்பறம் அப்பி, நடுவுல தடிப்பா, ஓரம் போகப்போக மெலிசா வழிச்சு விடோணும். தட்டிப் பாருங்க. சத்தம் பறந்துக்கிட்டே நின்னா ரவை பத்தலை. நனைஞ்ச சாக்கைத் தட்டுனாப்பல இருந்தா ஏறிப்போச்சு, ஒரு கிள்ளு எடுங்க. வாசிச்சு முடிச்சதும் ஈரம் காயறதுக்குள்ள வழிச்சுட்டு உலர்ந்த துணியில தொடைக்கோணும். இதைப் பழகறதே பாடம்தானுங்க. இதை எடுத்துட்டு என்ன சொல்லித் தர்றீங்க?

நொய்யல் நாதம்:
அப்ப வலந்தலை நடுவுல கறுப்பு வட்டமா இருக்கற கரணையை தினமும் பிச்சு ஒட்டறீங்களா? கிட்டான் கல்லுப் பொடியும் சோறும் அரைச்சு நிரந்தரமா ஏத்துனதுதானே அது? தபலாவுல இடது கை டக்காவுக்கும் நிரந்தரக் கரணைதான். அவங்களுக்கெல்லாம் நாதம் வரலையா? தொப்பிக்கு மட்டும் என்ன தனி மடி ஆசாரம்?

உடுமலைக் காத்து:
கரணையையும் ரப்பரையும் ஒண்ணாக் கட்டறீங்களே! அது மெலிசு மெலிசாப் பூசி, ஒவ்வொரு பூச்சையும் கல்லால தேய்ச்சு ஏத்தறது. நுணுக்கமா வெடிப்பு விட்டுத் தோலோட சேந்து அதிரும். ரப்பர் சும்மா உக்காந்திருக்கும். ரவையைக் கிள்ளலாம், ரப்பரைக் கிள்ள முடியாது. இதுக்குப் பதில் சொல்லுங்க.

காளிங்கராயன் கரை:
ரெண்டு பேருக்கும் ஒரு திருத்தம். ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கறப்ப ரவை வேகமாக் காஞ்சு ஓரத்துல தூக்கும். விரல் நுனியில தண்ணி தொட்டுத் தட்டிக்கிட்டே இருக்கோணும். மேடையில லைட்டுக்குக் கீழயும் அதே கதி. அந்த இடத்துல சிலிக்கான் சௌகரியம். ஆனா ஒட்டுன பசை இறுக ஒரு நாளாவது விடோணும், அளவு தப்பி உரிச்சா தோல் மேல்பரப்பும் கூடவே வரும். மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை தொப்பியில தேய்ச்சு எழுப்பற கும்கி நாதத்துக்கு ஈடு இல்லைம்பாங்க. அதெல்லாம் நம்ம கொங்கு மண்ணு வாசிப்பு.

நொய்யல் நாதம்:
பேருலதானுங்க பழனி, மரபு புதுக்கோட்டை. அவங்கப்பா முத்தையா பிள்ளை மாமுண்டியா பிள்ளை வழி. உடனே மண்ணைத் தூக்கிக்கிட்டு வந்தர்றது!

காளிங்கராயன் கரை:
பழனி கொங்குல இல்லீன்னு யாருங்க சொன்னது?

உடுமலைக் காத்து:
பழனி எங்கியோ இருக்கட்டும். அவரு இடது கை வாசிப்பு, கும்கியோ தொப்பியை அமுக்கித் தேய்ச்சு எழுப்பறது. மணிக்கட்டு தேயறப்ப ரவை இழைஞ்சு குடுக்கும். ரப்பர் கையை இழுத்துப் புடிக்கும். இப்பச் சொல்லுங்க, "எந்த வித்தியாசமும் இல்லை"யா?

கோபி கும்மி:
நீங்க ரவை பிசைஞ்சு முடிக்கறதுக்குள்ள எங்களுக்கு ஹால் நேரம் போயிருதுங்க. பொழுதோட ஏழு மணிக்கு வள்ளிக்கும்மிப் பழக்கம்னு பலகையிலயே எழுதியிருக்குது. தரையெல்லாம் காஞ்ச ரவை, வெறுங்காலோட வட்டம் சுத்தறவங்களுக்கு நறநறங்குது. சிலிக்கானே இருக்கட்டும்.

உடுமலைக் காத்து:
கும்மிக்காரங்க கால் தட்டற சத்தத்துல சுருதி சேக்கவே முடியறதில்ல, அதைச் சொல்ல மாட்டீங்க. வலந்தலை விளிம்புல இருக்கற பின்னல், அதான் மூட்டு, அதை மேலிருந்து தட்டுனா சுருதி ஏறும், கீழிருந்து தட்டுனா இறங்கும்னு பொடுசுக காதால கேட்டுப் பழகற நேரமே அதுதான்.

கோபி கும்மி:
2024-ல கும்மி வாத்தியார் பத்திரப்பன் ஐயாவுக்குப் பத்மஸ்ரீ குடுத்தது கும்மிக்குங்க, ரவைக்கு இல்ல.

நொய்யல் நாதம்:
😂 சபாஷ் அம்மிணி.

உடுமலைக் காத்து:
சிரிச்சா ஆச்சுங்களா? கிள்ள முடியுமா முடியாதான்னு கேட்டேன். ரெண்டு நாளா ஒருத்தரும் வாய் திறக்கலை. மார்கழிப் பனியில தோல் தொய்ஞ்சு சுருதி இறங்கும், சித்திரை வெயில்ல விறைச்சு ஏறும். அதுக்குத் தக்கன ரவை மாறும். ரப்பர் மாறாது.

நொய்யல் நாதம்:
மாறாததுதானுங்க வசதியே! சுருதி ஏறி இறங்குனா வாரையும் மூட்டையும் பாக்கோணும், ரவையைக் குத்தம் சொல்லிக்கிட்டா இருப்பாங்க?

உடுமலைக் காத்து:
மூட்டு வலந்தலைக்குங்க சாமி. நான் தொப்பியைக் கேக்கறேன்.

காளிங்கராயன் கரை:
பழனி கொங்குதான்.

கோபி கும்மி:
ஹால் சாவி யார்கிட்ட இருக்குது? ஏழேகால் ஆச்சு, அத்தனை பேரும் வாசல்ல நிக்கறோம்.

உடுமலைக் காத்து:
சாவி இருக்கட்டும். வறுக்காத ரவைன்னு சொன்னனே, அதை யாராச்சும் ஒருக்கா அப்பிப் பாத்தீங்களா?