உதவி தேவை: வளர்ப்பு நாயை எமோஷனல் சப்போர்ட் நாயாகச் சேலத்தில் எங்கே பதிவு செய்வது?

மிளகு வீட்டார், ஃபேர்லேண்ட்ஸ்

அனைவருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரமாக வழி கேட்டு எழுதுகிறேன்.

அப்பா காலமான பிறகு அம்மாவுக்குத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடத்து மூச்சு முட்டுகிறது. இதயத்தில் கோளாறு இல்லை, இது பேனிக் அட்டாக் என்று சொல்லிவிட்டார்கள். மனநல மருத்துவரிடம் சிகிச்சை நடக்கிறது. மாத்திரை ஒருபுறம் இருக்க, அம்மாவைத் தேற்றி எடுத்தது எங்கள் நாய் மிளகுதான். ஏற்காடு நாகலூரில் உறவினரின் காபித் தோட்டத்தில் பிறந்த நாட்டு நாய். அம்மாவின் விரல்கள் நடுங்கத் தொடங்கினால் போதும், எந்த அறையில் படுத்திருந்தாலும் எழுந்து வந்து அவர் மடியில் தாடையை வைத்து அழுத்திக்கொண்டு நிற்கும். அம்மா அதன் காதைத் தடவிக்கொண்டே மூச்சை இழுத்து விடுவார். நான் வேலைக்குப் போயிருக்கும் நேரமெல்லாம் அவருக்கு அதுதான் துணை.

இப்போது எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. மாத இறுதிக்குள் நாய்களை அப்புறப்படுத்த வேண்டும், அதுவரை லிஃப்டில் ஏற்றக் கூடாது, மீறினால் அபராதம் என்று எழுதியிருக்கிறார்கள். நாங்கள் இருப்பது நான்காவது மாடி. அம்மாவுக்கு முழங்கால் வலியும் உண்டு.

இணையத்தில் ஒரு தளம், பணம் கட்டினால் நாயை எமோஷனல் சப்போர்ட் நாயாக, அதாவது மனநலம் பாதித்தவருக்கு உடனிருந்து ஆறுதல் தரும் நாயாகப் பதிவு செய்து சான்றிதழ், புகைப்பட அடையாள அட்டை, நாய்க்கு மாட்டிவிடச் சிவப்புச் சட்டை எல்லாம் வீட்டுக்கே அனுப்புவதாகச் சொல்கிறது. அது கையில் இருந்தால் எந்தச் சங்கமும் எந்தத் தங்கும் விடுதியும் தடுக்க முடியாதாம். உண்மையா? அரசு அலுவலகத்திலேயே பதிவு செய்ய முடியுமென்றால் எங்கே போக வேண்டும், கலெக்டர் அலுவலகமா, மாநகராட்சியா? விரைவில் ரயிலில் சென்னைக்கு அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. அதற்கும் இந்த அட்டை உதவுமா?

வழக்கறிஞர், அஸ்தம்பட்டி

பணத்தைக் கட்டிவிடாதீர்கள். இந்தியாவில் எமோஷனல் சப்போர்ட் நாய்க்கென்று பதிவேடு எதுவும் கிடையாது. மத்திய அரசிடமும் இல்லை, மாநில அரசிடமும் இல்லை. கலெக்டர் அலுவலகத்திலும் மாநகராட்சியிலும் அப்படி ஒரு பிரிவு இல்லை. தனியார் தளம் அச்சடித்துத் தரும் அட்டை சட்டத்தின் முன் செல்லாக்காசு.

இந்தத் தளங்கள் அமெரிக்க நடைமுறையைக் காட்டித்தான் விற்கின்றன. அமெரிக்காவிலும் அரசுப் பதிவேடு இல்லை. அங்கே வாடகை வீட்டு விஷயத்தில், சிகிச்சை அளிக்கும் மருத்துவரோ மனநல ஆலோசகரோ எழுதித் தரும் கடிதத்தை வைத்து வீட்டுரிமையாளரிடம் சலுகை கேட்கலாம். அதற்கு நியாயமான வீட்டுவசதிச் சட்டம் இடம் தருகிறது. விமானத்தில் அந்தச் சலுகையும் போய்விட்டது. 2020 டிசம்பரில் அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை விதியை மாற்றியது. 2021 ஜனவரி முதல் இத்தகைய நாய்களை விமான நிறுவனங்கள் சாதாரணச் செல்லப்பிராணியாகவே நடத்தலாம். பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய் போலக் குறிப்பிட்ட வேலைக்குப் பயிற்சி பெற்ற நாய்களுக்கு உள்ள உரிமை வேறு. மிளகு அந்த வகையில் வராது.

ஆனால் மனம் தளர வேண்டாம். உங்களுக்கு இந்தச் சிறப்புப் பெயரே தேவையில்லை. சாதாரண வளர்ப்பு நாய் என்ற நிலையிலேயே போதிய பாதுகாப்பு இருக்கிறது. 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது இந்திய விலங்குகள் நல வாரியம். குடியிருப்புச் சங்கங்களுக்காகவே அது 2015இல் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. பொதுக்குழுவில் பெரும்பான்மையினர் கை தூக்கினாலும் வளர்ப்பு நாய்க்குத் தடை போட முடியாது, லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்ல முடியாது, அதற்குத் தனிக் கட்டணமும் வாங்க முடியாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. நாய் குரைக்கிறது என்பதையும் தடைக்குக் காரணமாகக் காட்ட முடியாது. 2021இல் கேரள உயர் நீதிமன்றம், செல்லப்பிராணி வளர்ப்பதைத் தடுக்கும் சங்க விதிகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் நம் வாதத்துக்கு வலு சேர்க்கும்.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். சங்கம் விரட்டுகிறது என்பதற்காக யாராவது நாயைக் கொண்டுபோய் எங்கேனும் விட்டுவிட்டு வந்தால், அதே 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆவது பிரிவின்படி விட்டவர்தான் குற்றவாளி.

நீங்கள் இருப்பது சொந்த வீடா, வாடகையா? அதைச் சொல்லுங்கள்.

மிளகு வீட்டார், ஃபேர்லேண்ட்ஸ்

உடனே பதில் தந்ததற்கு மிக்க நன்றி சார். வாடகை வீடுதான். வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் இருக்கிறார். குடிவரும்போதே நாய் இருப்பதைச் சொன்னோம், சரி என்றார். ஒப்பந்தத்தில் நாயைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

வழக்கறிஞர், அஸ்தம்பட்டி

அப்படியானால் முதல் வேலையாக அவரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாடகை வீட்டில் சங்கத்தைவிட ஒப்பந்தம்தான் முதலில் பேசும். நாய் வளர்க்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்து, அதில் நீங்கள் கையெழுத்தும் போட்டிருந்தால் நிலைமை சிக்கலாகியிருக்கும். உங்கள் ஒப்பந்தத்தில் அது இல்லாதது நல்லது. ‘வாடகைதாரர் நாய் வளர்ப்பதில் எனக்கு ஆட்சேபனை இல்லை’ என்று அவர் ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினால் போதும்.

அடுத்து சங்கத்துக்கு ஒரு கடிதம். வாரியத்தின் 2015 வழிகாட்டுதல் நகல், தடுப்பூசி அட்டை நகல், வீட்டுக்காரரின் இசைவு மூன்றையும் இணைத்து, ஸ்பீட் போஸ்டில், போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு அனுப்புங்கள். வாய்ப்பேச்சில் விடாதீர்கள். கடிதத்தில் யாரையும் குறை சொல்ல வேண்டாம். நோட்டீஸைத் திரும்பப் பெறுமாறு கேட்டால் போதும். அதற்கும் அசையவில்லை என்றால் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. அம்மா பெயரிலேயே மனு கொடுக்கலாம்.

மனநல சமூகப் பணியாளர், சேலம்

மருத்துவக் கடிதம் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் குடும்பங்கள் அதிகம் காயப்படுகின்றன.

அம்மாவுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடமே ஒரு கடிதம் கேளுங்கள். ‘இவர் என் சிகிச்சையில் இருக்கிறார், வீட்டில் நாய் உடனிருப்பது இவருக்கு உதவியாக இருக்கிறது’ என்ற அளவில் இருந்தால் போதும். பார்த்தே இராத ஒருவர் பத்து நிமிட வீடியோ அழைப்பில் எழுதித் தரும் கடிதத்துக்கு மதிப்பில்லை. மருத்துவர் தருகிற கடிதமும் உரிமைச் சான்று ஆகாது. ஆனால் சமரசப் பேச்சிலோ நீதிமன்றத்திலோ அம்மாவின் தேவையை எடுத்துக்காட்ட அது பயன்படும்.

அந்தக் கடிதத்தைக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள். அம்மாவின் நோய் விவரம் அம்மாவுக்குச் சொந்தம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அதை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையை அவருக்குத் தந்திருக்கிறது. சங்கத் தலைவரிடம் நேரில் காட்டலாம், நகல் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எதற்கும் முன்னால் அம்மாவிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் அந்தக் கடிதம் இல்லாமலே உங்கள் வழக்கு நிற்கும், மேலே வழக்கறிஞர் சொன்னது போல.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கினால் நாய்க்கு உரிமை கிடைக்குமா என்று சிலர் கேட்கிறார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் ஓர் ஊனமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அரசு மருத்துவமனையில் மதிப்பிட்டு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் வந்தால் பல நலத்திட்டங்கள் கிடைக்கும். ஆனால் அது நாய்க்கான ஏற்பாடு இல்லை. சிகிச்சையில் தேறிவரும் ஒருவரை இதற்காக மட்டும் அந்த மதிப்பீட்டுக்கு இழுத்துச் செல்ல வேண்டாம்.

நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் அம்மாவுக்குப் படபடப்பு வந்தால் 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

கால்நடை மருத்துவர், சூரமங்கலம்

அந்தச் சிவப்புச் சட்டையோடு என்னிடம் வரும் நாய்கள் சிலவற்றுக்கு ரேபிஸ் தடுப்பூசியே போட்டிருப்பதில்லை. பார்க்கும்போது வருத்தமாக இருக்கும். நாய்க்கு உண்மையான ஆவணம் தடுப்பூசி அட்டைதான். மூன்று மாதக் குட்டியில் முதல் ரேபிஸ் ஊசி, பிறகு பூஸ்டர், அதன் பின் ஆண்டுதோறும். அட்டையில் மருந்துக் குப்பியின் லேபிள் ஒட்டி, மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் போட்ட இடத்திலேயே கேட்டு வாங்குங்கள். ரேபிஸ் அறிகுறி தோன்றிவிட்டால் மனிதரைக் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். அண்டை வீட்டார் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. அந்த அச்சத்துக்கு அட்டையைக் காட்டிப் பதில் சொல்லுங்கள்.

பதிவு என்று ஒன்று செய்ய விரும்பினால், உள்ளாட்சி அமைப்பு தரும் நாய் வளர்ப்பு உரிமம்தான் செய்ய வேண்டியது. சென்னையில் உரிமமும், நாயின் தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப்பும் கட்டாயமாகிவிட்டன. நீங்கள் தடுப்பூசி அட்டை, நாயின் புகைப்படம், முகவரிச் சான்றோடு உங்கள் பகுதிக்கான மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்குப் போய்ச் சுகாதாரப் பிரிவில் கேளுங்கள். எந்த மண்டலம் என்பது வீட்டு வரி ரசீதில் இருக்கும்.

மிளகு தனியாக இருக்கும்போது குரைக்கிறதா? அம்மா வெளியே போகும் நேரத்தில் கதவருகே நின்று தொடர்ந்து குரைத்தால் அது பிரிவுத் தவிப்பு. பழக்கினால் சரியாகும். நேரில் அழைத்து வாருங்கள்.

குடியிருப்புச் சங்கச் செயலாளர், அழகாபுரம்

நான் எதிர்த்தரப்பில் இருப்பவன், வேறொரு குடியிருப்பு. வழிகாட்டுதலை எங்களிடமும் ஒருவர் கொண்டுவந்து காட்டினார். படித்த பிறகு தடை யோசனையைக் கைவிட்டோம். சட்டத்தைக் காட்டினால் நோட்டீஸைக் கிழிப்பார்கள், ஆனால் மனக்கசப்பு போகாது. எங்கள் இடத்தில் அதைத் தீர்த்தது சில சின்ன ஏற்பாடுகள். லிஃப்டில் குழந்தையோ வயதானவரோ இருந்தால் நாய்க்காரர் அடுத்த முறைக்குக் காத்திருப்பார். வீட்டுக் கதவிலிருந்து தெருவரை கயிற்றைக் கட்டையாகப் பிடித்துக்கொள்வார். கழிவை அள்ள ஒரு பையும் கையில் இருக்கும். மொட்டை மாடியில் நாயை விட மாட்டார். இவற்றை நாய் வளர்ப்பவர்களே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். அதன் பிறகு ஒரு புகாரும் வரவில்லை.

உங்கள் சங்கத்தில் யாருக்கு உண்மையில் பயம் என்று விசாரியுங்கள். பெரும்பாலும் ஒரு வீடாகத்தான் இருக்கும். அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுங்கள்.

காபித் தோட்டக்காரர், ஏற்காடு

விடுதி பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஏற்காட்டில் நாயை அனுமதிப்பதும் மறுப்பதும் அந்தந்த விடுதியின் விருப்பம். அட்டை பார்த்து யாரும் அறை தருவதில்லை. தொலைபேசியில் முன்கூட்டியே கேட்டு, சரி என்று சொன்னால் அதைக் குறுஞ்செய்தியாக வாங்கிக்கொள்ளுங்கள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். வெறும் வயிற்றோடு ஏற்றுங்கள், இல்லையென்றால் வாந்தி எடுக்கும். வழியில் குரங்குகள் இருக்கும் இடத்தில் கார்க் கண்ணாடியை இறக்காதீர்கள். நாகலூர்க் குட்டி என்கிறீர்கள், மலைக்காற்று பட்டால் துள்ளும். மழைக்காலத்தில் வந்தால் மட்டும் உண்ணியும் அட்டைப்பூச்சியும் பார்த்து எடுத்துவிடுங்கள்.

மிளகு வீட்டார், ஃபேர்லேண்ட்ஸ்

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. வீட்டுக்காரர் இசைவுக் கடிதம் அனுப்பிவிட்டார். சங்கத்துக்கு ஸ்பீட் போஸ்ட் போய்ச் சேர்ந்து, அதற்கான சான்றும் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பேசலாம் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். பயப்படுவது இரண்டாம் மாடியில் இருக்கும் ஒரு பாட்டி. சிறு வயதில் நாய் கடித்து, அந்தக் காலத்தில் வயிற்றைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டவராம். அம்மாவே போய்ப் பேசிவிட்டு வந்தார். அவர் லிஃப்டில் இருந்தால் நாங்கள் ஏறுவதில்லை என்று முடிவாகியிருக்கிறது. மருத்துவரின் கடிதத்தை வாங்கி வைத்திருக்கிறோம், இதுவரை யாரிடமும் காட்டத் தேவைப்படவில்லை.

ரயில் கேள்விக்கு மட்டும் யாராவது வழி சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், ஜங்ஷன்

இரண்டடுக்கு ஏசி, மூன்றடுக்கு ஏசி, ஸ்லீப்பர் எதிலும் நாயை உடன் ஏற்றிச் செல்ல அனுமதி இல்லை, எந்த அட்டை இருந்தாலும். குளிர்சாதன முதல் வகுப்பில் இரண்டு படுக்கை கொண்ட கூபே அல்லது நான்கு படுக்கை கொண்ட கேபின் முழுவதும் உங்கள் பெயரில் இருந்தால் கூட்டிச் செல்லலாம். சேலம் வழியாகச் சென்னை போகும் சேரன், நீலகிரி ஆகிய இரவு வண்டிகளில் முதல் வகுப்பு உண்டு. நீங்களும் அம்மாவும் இரண்டு டிக்கெட் எடுத்துக் கூபே கேட்டு முன்கூட்டியே ரயில்வேக்கு எழுதிக் கொடுங்கள். பயணிகள் பட்டியலான சார்ட் போடும்போதுதான் கூபேயா கேபினா என்பது தெரியும். புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன்பு கால்நடை மருத்துவரிடம் பயணத் தகுதிச் சான்று வாங்கி, வண்டி நேரத்துக்கு நன்றாக முன்பே பார்சல் அலுவலகத்துக்கு நாயோடு போய்க் கட்டணம் கட்டி ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். பரிசோதகர் கேட்பது அந்த ரசீதைத்தான்.

கூபே அமையவில்லை என்றால் மிச்சமிருப்பது ரயில் மேலாளர் (கார்டு) பெட்டியில் உள்ள நாய்ப்பெட்டி. அம்மாவைப் பிரிந்து மிளகு இரவு முழுவதும் அதில் கிடக்க வேண்டாம். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு ஆத்தூர், உளுந்தூர்பேட்டை வழியாகக் காரில் போய்விடுங்கள்.