புவிவலமா, புவிசூழ் கடலோட்டமா?

அன்புடையீர், வணக்கம்.

கப்பலொன்று உலகைச் சுற்றிப் புறப்பட்ட துறைக்கே மீள்வதைக் குறிக்க, கிரிவலத்தை அடியொற்றிப் ‘புவிவலம்’ எனலாம் என்று நம் அகராதிக்கான சொல்லாய்வில் முன்மொழியப்பட்டது. அழகான சொல்தான், ஆயினும் அதனை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

வலம் வருவோர் சுற்ற வேண்டும் என்று நேர்ந்துகொண்டே சுற்றுகின்றனர். 1519 செப்டம்பரில் ஸ்பெயினின் சான்லூகார் துறையிலிருந்து ஐந்து கப்பல்களுடன் புறப்பட்ட கடலோடி மகெல்லன் ஏற்ற பணியோ, மேற்கு வழியாக மலுக்குத் தீவுகளை (இன்றைய இந்தோனேசியாவின் நறுமணப் பொருள் தீவுகள்) அடைவது மட்டுமே. 1521 ஏப்ரல் 27 அன்று அவர் இன்றைய பிலிப்பைன்ஸின் மக்தான் தீவில் கொல்லப்பட்டார். அதன்பின் மலுக்குவை அடைந்த இரு கப்பல்களுள் திரினிடாட் பசிபிக் வழியாகவே திரும்ப முயன்று தோற்றது. மற்றக் கப்பலான விக்டோரியா, அப்பயணத்தில் சென்ற எல்கானோவின் தலைமையில் இந்தியப் பெருங்கடலைக் கடந்து, ஆப்பிரிக்காவின் தென்கோடியிலுள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு, 1522 செப்டம்பர் 6 அன்று பதினெட்டுப் பேருடன் சான்லூகாரை அடைந்தது. ஊர் திரும்பத் தேர்ந்த வழியே உலகச் சுற்றாயிற்று எனும்போது, வேண்டுதலை உள்ளடக்கிய சொல் அதற்கு எப்படிப் பொருந்தும்?

வலம் திசையையும் சுட்டுகிறது. வடதுருவத்துக்கு மேலிருந்து நோக்கினால் மேற்கு நோக்கிச் சுற்றுவதே வலம். 1772–75இல் ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக் கிழக்கு நோக்கிச் சுற்றியது இடஞ்சுற்றாகிவிடும். இது அற்பமான வேறுபாடன்று. மகெல்லனுடன் புறப்பட்டு விக்டோரியாவில் மீண்ட பிகாபெட்டா நாள் தவறாமல் எழுதிவந்த குறிப்பின்படி புதன்கிழமையாக இருந்த நாள், திரும்பும் வழியில் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அப்பாலுள்ள கேப் வெர்டே தீவின் கரையில் வியாழனாக இருந்தது. மேற்கே சுற்றினால் கணக்கில் ஒரு நாள் குறையும், கிழக்கே சுற்றினால் கூடும் என்று மாணவருக்கு விளக்கத் திசை சாராத பொதுச்சொல்லே உதவும்.

‘உலகச் சுற்றுப்பயணம்’ இன்று விமானத்தில் செல்வோருக்கு உரியதாகிவிட்டது. செலவு என்பதைப் பயணம் என்ற பழம்பொருளில் ஆளும் ‘சூழ்செலவு’ இலக்கியச் சுவையுடையது. ஆனால் செலவு என்றதும் இன்றைய மாணவருக்குப் பணமே நினைவுக்கு வரும். ஆகவே ‘புவிசூழ் கடலோட்டம்’ என்பதை முன்வைக்கிறேன். கடலோடி வழக்கிலுள்ள சொல்லாதலால், ‘புவிசூழ் கடலோடி’ இயல்பாகவே கிடைக்கிறது. எல்கானோவுக்கு அரசர் வழங்கிய இலச்சினையில் உலக உருண்டையோடு பொறிக்கப்பட்ட இலத்தீன் தொடருக்கும் ‘என்னை முதலில் சூழ்ந்தவன் நீ’ என்பதே பொருள். ஆங்கிலேயக் கடலோடி பிளிண்டர்ஸ் 1802–03இல் ஆஸ்திரேலியாவைச் சுற்றியதைக் ‘கண்டஞ்சூழ் கடலோட்டம்’ என முன்னொட்டை மட்டும் மாற்றிச் சொல்லிவிடலாம்.

வரையறையில் ‘புறப்பட்ட துறைக்கு மீளல்’ என்பதையும் சேர்க்க வேண்டுகிறேன். அது விடுபட்டால், அப்பயணத்தை முடிக்காத மகெல்லனையே முதல் புவிசூழ் கடலோடி என்று எழுதும் பிழை நம் அகராதியிலும் ஏறிவிடும்.