பாரில் ரொக் பான்ட் இரவு: நிலையான தொகையா, விற்பனையில் பங்கா?

சுண்டுக்குளிப் பெடியன்

யாழ் நகரில் ஒரு ஹோட்டேல் பாரில் மாதம் இரண்டு வியாழன் இரவு ரொக் பான்ட் நடத்தக் கதைத்துக்கொண்டிருக்கிறேன். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அது ஒரு வீடியோ விளையாட்டு, ரிவித் திரையில் ஐந்து நிறத்தில் குறிகள் இறங்கி வரும். பிளாஸ்டிக் கிற்றாரில் அதே நிறப் பொத்தானை அழுத்தித் தாளத்துக்குத் தட்ட வேண்டும். இரண்டு பேர் கிற்றார், ஒருவர் ட்ரம், ஒருவர் மைக். மேசையில் இருந்து எழும்பி வந்த நாலு பேர் ஒரு பாட்டுக்கு ஒரு பாண்ட் ஆகிவிடுவார்கள்.

ப்ளேஸ்டேஷன், கிற்றார், ட்ரம் எல்லாம் என்னுடையவை. லண்டனில் இருந்து மாமா கொண்டுவந்து தந்தவை. முதலாளி சம்பளம் தர மாட்டாராம், அன்றைய விற்பனையில் பத்து வீதம் தருவாராம். நான் கேட்பது இரவுக்கு 15,000 ரூபா, சனம் வந்தாலும் வராவிட்டாலும். என் பக்கம் நியாயம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். பாரில் வேலை செய்தவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

கஸ்தூரியார் வீதிக் கணக்குப்பிள்ளை

தம்பி, பார்க் கணக்கு எழுதிய ஆள் என்ற முறையில் சொல்கிறேன், முதலாளி கேட்பதுதான் நியாயம்.

ட்ரம் செற்றும் நாலு பேர் நிற்க இடமும் வேண்டுமென்றால் இரண்டு மேசையைத் தூக்க வேண்டும். அந்த இரண்டு மேசையிலும் இருந்து கோழி டெவலும் போத்தலும் எடுக்கிற ஆட்களின் காசு போகிறது. யாழ்ப்பாணத்தில் பாருக்கு வருகிறவன் சினேகிதரோடு மூலையில் இருந்து, கதைத்து, பத்து மணிக்கு முன்னம் வீட்டுக்குப் போகிறவன். மேடையில் ஏறிக் கிற்றார் பிடித்தால் யாராவது போனில் எடுத்துப் பேஸ்புக்கில் போடுவான், விடிய முன்னம் பெரியம்மா பார்த்துவிடுவா. அந்தப் பயம் கொழும்பில் இல்லை, இங்கே இருக்கிறது.

போயாவுக்கு, அதாவது பௌர்ணமி விடுமுறைக்கு, பார் பூட்டு. நல்லூர்த் திருவிழா 25 நாளும் ஊரே விரதம், பாதி வாடிக்கையாளர் அந்தப் பக்கம் வர மாட்டார்கள். இத்தனைக்கும் நடுவில் புதிதாக வருகிற ஆளுக்கு நிலையான தொகை கொடுத்தால் நட்டம் முழுவதும் முதலாளி தலையில். சனத்தைக் கூட்ட முடியும் என்று உமக்கு நம்பிக்கை இருந்தால் பங்குக்கு ஏன் பயப்பட வேண்டும்?

வெள்ளவத்தை ஒலி

கணக்குப்பிள்ளை அண்ணை, அந்தப் பங்கு எவ்வளவு என்று தம்பி எப்படி அறிவார்? கல்லா அவர் கையில் இல்லை, பில் புத்தகத்தை யாரும் காட்டப் போவதில்லை. "இண்டைக்கு வியாபாரம் மந்தம்" என்று ஒரு வசனம் சொன்னால் முடிந்தது. நான் கொழும்பில் கரோக்கேயும் பாட்டுப் புதிர் இரவும் நடத்துகிறேன். பங்குக்கு நான் போவதில்லை.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று. சம்பளம் சாராய விற்பனையோடு கட்டப்பட்டால், மைக் வைத்திருக்கிறவன் "இன்னொரு ரவுண்ட் எடுங்கோ" என்று சொல்லத் தொடங்குவான். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மதுவுக்கு விளம்பரம் செய்வதையே தடுக்கிறது. பியர்க் கம்பனியின் படம் போட்ட போஸ்டர், வென்ற மேசைக்கு இலவசப் போத்தல் எல்லாம் அந்தச் சட்டத்தில் மாட்டும். பரிசு என்றால் ஒரு கொத்து ரொட்டி கொடுங்கள், போஸ்டரில் விளையாட்டின் பெயரும் நேரமும் மட்டும் போடுங்கள்.

தம்பி, காசுக் கதையை விட முக்கியமான ஒன்று உங்கள் கையில் இருக்கிறது: தாமதம். புதிய ரிவி படத்தை மெருகூட்ட நேரம் எடுக்கும், குறி பிந்தித் தெரியும். ரிவியில் அந்த மெருகூட்டலைக் குறைக்கிற கேம் மோட் போடுங்கள். புளூடூத் ஸ்பீக்கர் இருந்தால் வேண்டவே வேண்டாம், சத்தம் பத்தில் ஒரு விநாடி, சிலவேளை அதைவிடக் கூடவும் பிந்தும். விளையாட்டு மன்னிக்கிற இடைவெளியே ஏறக்குறைய அவ்வளவுதான். சரியாகத் தட்டியவனுக்கும் திரையில் பிழை விழும். அவன் கிற்றாரைக் கதிரையில் சாய்த்துவிட்டு மேசைக்குப் போவான், பிறகு அந்த இரவு முழுக்க எழும்ப மாட்டான். ஆகவே மிக்சருக்கு வயர் இழுத்து, ஆட்கள் வர முன்னமே கலிபரேஷன், அதாவது படத்தையும் சத்தத்தையும் தட்டலோடு பொருத்துகிற வேலை, செய்து முடியுங்கள். தோற்காத முறையை எப்போதும் போட்டு வையுங்கள், பாட்டு நடுவில் நின்று போனால் பாடினவனுக்கு வெட்கம் வரும். கரண்ட் போனால் ப்ளேஸ்டேஷன் சட்டென்று நிற்கும், ஒரு யூபிஎஸ் வாங்குங்கள்.

ட்ரம்மின் கால்பெடலையும் பாருங்கள். பழைய செற்றுகளில் அது வெறும் பிளாஸ்டிக், இரண்டு போத்தல் குடித்தவன் ஊன்றி மிதித்தால் நடுவில் வெடிக்கும். மேலே ஒரு தகரத் துண்டை வைத்துத் திருகாணி போட்டால் தாங்கும்.

இந்த வேலைக்கெல்லாம் யாரும் பங்கு தருவதில்லை. வயர் இழுக்கிறவனுக்குச் சனம் வராத இரவிலும் அதே வேலைதான்.

கோண்டாவில் கீபோர்ட்

என் மறுப்பு வேறு. கோயில் திருவிழாக் காலம் முடிந்தால் இங்குள்ள இசைக்குழுப் பெடியளுக்கு வேலை இல்லை. கல்யாண வீட்டுக்கும் இப்போது டிஜே. ஒரு பாருக்கு 15,000 ரூபா செலவழிக்க மனம் வருகிறது என்றால், அந்தக் காசுக்கு ஒரு கீபோர்டும் ஒரு பாடகரும் ஒரு ஒக்டபாடும் (எலெக்ட்ரொனிக் தாளக் கருவி) வரும். உண்மையான இசை கேட்கும். பொத்தான் தட்டுகிறதுக்குக் காசு கொடுத்துவிட்டு எங்களுக்கு "கலைஞர்கள் வளர வேண்டும்" என்று வாழ்த்துச் சொல்லி அனுப்ப வேண்டாம்.

மற்றது, அந்த விளையாட்டில் இருப்பது அநேகமாக ஆங்கில ரொக். பாரில் இருக்கிற சனத்தில் எத்தனை பேருக்கு அந்தப் பாட்டுகள் தெரியும்?

சுண்டுக்குளிப் பெடியன்

கீபோர்ட் அண்ணா, பாட்டுப் பிரச்சினையை நான் ஏற்றுக்கொள்கிறேன். ரொக் பான்ட் 4 வந்தது 2015இல். புதுப் பாட்டு வாரந்தோறும் விற்று வந்தார்கள், 2024 ஜனவரியோடு அதையும் நிற்பாட்டினார்கள். தமிழ்ப் பாட்டு அங்கே வரப் போவதில்லை. அதனால்தான் கணினியில் குளோன் ஹீரோவும் போட்டு வைத்திருக்கிறேன். அது இலவசம், நாமே பாட்டைப் போட்டு, எந்த இடத்தில் எந்தப் பொத்தான் என்று ஒவ்வொரு குறியாக வைக்கலாம். ஒரு பாட்டுக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போகும். எங்கள் பைலாப் பாட்டுகள் 6/8 தாளம், ட்ரம்மில் அதை உருட்டி அடிக்க ஆட்களுக்கு ஆசை வரும். நித்தி கனகரத்தினம் காலத்துப் பொப்பிசை இங்கே அப்பாமாருக்கும் மனப்பாடம். ஆங்கில ரொக் கேட்டு மௌனமாக இருக்கிற மேசையும் அந்தத் தாளம் கேட்டால் கை தட்டும்.

உங்கள் வேலையைப் பறிக்க எனக்கு விருப்பமில்லை. நான் கேட்கிற வியாழனில் இப்போது அந்தப் பாரில் பாட்டே இல்லை, கிரிக்கெட் ஓடுகிற ரிவிதான் இருக்கிறது.

கஸ்தூரியார் வீதிக் கணக்குப்பிள்ளை

இப்போதுதான் உண்மையான சிக்கலுக்கு வந்திருக்கிறீர். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஒரு பாட்டைப் பொது இடத்தில் போடுகிற உரிமை அதை ஆக்கியவரிடம் இருக்கிறது. வீட்டில் விளையாட வாங்கிய டிஸ்கை பாரில் ஓட விட அனுமதி இல்லை. நீரே குறி வைத்துச் செய்த தமிழ்ப் பாட்டுக்கும் அதே நிலைதான். நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் கடிதம் முதலாளிக்கு வரும், உமக்கு வராது. பாரின் உரிமத்தோடு விளையாட முடியாது, அது போனால் கடையே போச்சு. நிலையான தொகை கேட்கிற ஆள் இந்தப் பொறுப்பிலும் பாதியை எடுக்க வேண்டும்.

திருநெல்வேலி அக்கா

நீங்கள் எல்லாரும் பார் என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் கதைக்கிறீர்கள். பாரில் நடத்தினால் எங்களில் பாதிப் பேர் வர முடியாது. கம்பஸில் படிக்கிற பிள்ளைகளில் முதலாம் வருடத்தார் பலர் 21 வயதை எட்டவில்லை, அவர்களுக்கு மது விற்கவே கூடாது. பெண் பிள்ளை ஒருத்தி சினேகிதிகளோடு வியாழன் இரவு பாரில் நின்று மைக் பிடித்தால் அதை இந்த ஊர் எத்தனை வருடம் கதைக்கும் என்று உங்களுக்கே தெரியும். நல்லாய்ப் பாடுகிற பிள்ளைகள் இங்கே நிறைய. ஐஸ்கிறீம் கடை இருக்கிறது, கோப்பிக் கடை இருக்கிறது. தம்பி, இந்த விளையாட்டைப் பாருக்குள் பூட்டி வைக்க வேண்டாம்.

வெள்ளவத்தை ஒலி

அக்கா சொல்வதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் காசு வராது. ஐஸ்கிறீம் கடையில் ஒரு குடும்பம் கொஞ்ச நேரம் இருந்து ஒரு கோப்பை சாப்பிட்டுப் போகும். அந்த இடத்தில் இரண்டு மேசையைத் தூக்கினால் யார் ஈடு செய்வது? ரிக்கெட் போட்டு நடத்தினால்தான் கட்டும். பிற்பகல் ஒன்றை ரிக்கெட்டோடு வையுங்கள், பாரில் இரவை நிலையான தொகையோடு வையுங்கள். கருவி ஒன்றுதானே.

கோண்டாவில் கீபோர்ட்

அக்காவின் யோசனைக்குத்தான் என் ஆதரவு. பிள்ளைகள் பிளாஸ்டிக் ட்ரம்மில் தாளம் பிடித்துவிட்டால் உண்மையான ட்ரம்முக்கு வருவார்கள், அது எனக்குத் தெரிந்த உண்மை. பாரில் அது நடக்காது.

கஸ்தூரியார் வீதிக் கணக்குப்பிள்ளை

சரி, நான் அந்த முதலாளியின் இடத்தில் இருந்தால் இப்படித்தான் சொல்வேன். இரண்டு வியாழன் பரீட்சைக்கு. இரவுக்கு 8,000 கையில், அதற்கு மேல் பங்கு இல்லை. ட்ரம் வைக்கிற இடத்தை ரிவிக்குப் பக்கத்துச் சுவரோரம் ஒடுக்கினால் ஒரு மேசைதான் போகும். பத்து மணிக்கு ஸ்பீக்கர் நிற்க வேண்டும், 2007இல் உச்ச நீதிமன்றம் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை சொன்னதைப் பொலிஸ் மறக்காது. பாட்டு அனுமதி யார் எடுப்பது என்பதை எழுதி ஒப்பமிட வேண்டும். ஆட்களைப் படம் எடுப்பதில்லை என்று வாசலில் ஒரு அறிவித்தல். மூன்றாவது வியாழனில் இருந்து 15,000 கதைக்கலாம்.

சுண்டுக்குளிப் பெடியன்

8,000க்கு யூபிஎஸ் வாடகையும் முச்சக்கர வண்டிக் காசும் போனால் கையில் மிஞ்சுவது குறைவு, ஆனால் இரண்டு இரவுக்கு நான் சம்மதம். பங்கு என்ற சொல்லே ஒப்பந்தத்தில் வரக் கூடாது. பாட்டு அனுமதிக்கு முதலாளியும் நானும் சேர்ந்து விண்ணப்பிப்போம், செலவு பாதிக்குப் பாதி. படம் எடுக்கும் தடை எனக்கும் வேண்டும், அது கட்டாயம்.

அக்கா, சனிக்கிழமைப் பின்னேரம் ஒரு கோப்பிக் கடையில் கேட்கிறேன். ரிக்கெட் வைத்தால் எவ்வளவு என்று சொல்லுங்கள்.

திருநெல்வேலி அக்கா

முந்நூறு. அதற்கு மேல் கம்பஸ் பிள்ளைகள் தர மாட்டார்கள். கடைக்காரரோடு கதைக்கும்போது நானும் வருகிறேன்.