பழைய பத்திரத்த ஏஐ-கிட்ட குடுத்து படிக்கலாமா?

குடந்தை ஜூனியர்:
கும்பகோணத்துல ஜூனியர் வக்கீலா இருக்கேன். ஒரு குத்தகை கேஸ், 1940-கள்ல எழுதுன பத்திரம், கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கு, சரின்னு போட்டோ எடுத்து ஏஐ-ல போட்டு இங்கிலீஷ்ல சுருக்கம் கேட்டா "நஞ்சை மூணு மா"ங்கற நில அளவ மூணு மாமரம்னு எழுதியிருக்கு! சீனியர் கண்ணுல படுறதுக்கு முன்னாடி பாத்துட்டேன், இல்லன்னா அவ்ளோதான். நீங்கல்லாம் எதுக்கு யூஸ் பண்றீங்க?

மாயவரம் வக்கீல்:
தம்பி, ஒரு மா கிட்டத்தட்ட 33 சென்ட், 20 மா ஒரு வேலி, 100 குழி ஒரு மா, இதெல்லாம் மொதல்ல சொல்லிட்டுத்தான் பத்திரத்த குடுக்கணும். நான் லிஸ்ட்டே போட்டு வச்சிருக்கேன். ஆனா நாலெல்லை, அதாவது நிலத்தோட நாலு பக்க எல்லை மட்டும் ஒரிஜினல்ல விரல் வச்சு நானேதான் படிப்பேன். கட்சிக்காரர் பேரு, சர்வே நம்பர மறைச்சிட்டு போடுங்க.

திருவாரூரான்:
ஏஐ-கிட்ட முன்னாடி வந்த தீர்ப்பு மட்டும் கேக்காதீங்க. 2023-ல நியூயார்க்ல, மாட்டா எதிர் ஏவியாங்கா கேஸ்ல, சாட்ஜிபிடி கற்பனையா குடுத்த தீர்ப்புகள வக்கீலுங்க அப்படியே தாக்கல் பண்ணி 5,000 டாலர் அபராதம் கட்டுனாங்க. எனக்கும் 1955 குத்தகைதாரர் பாதுகாப்பு சட்டத்துக்கு ஒரு சைட்டேஷன் (தீர்ப்பு எந்த புத்தகத்துல எந்த பக்கம்ங்கற குறிப்பு) கம்பீரமா குடுத்துச்சு, போய் தேடுனா அந்த பக்கத்துல ஏதோ கொலை கேஸ் 😄

குடந்தை ஜூனியர்:
சுப்ரீம் கோர்ட்டே 2019-லேருந்து சுவாஸ்னு ஒரு ஏஐ மென்பொருள வச்சு தீர்ப்ப மொழிபெயர்க்குதே அண்ணே?

மாயவரம் வக்கீல்:
ஆமா, அதையும் ஆள் வச்சு சரிபாத்துட்டுத்தான் வெளியிடுறாங்க. அது போகட்டும், உன் பத்திரத்துல "மேற்படியார்" எத்தன பேருன்னு எண்ணிப் பாத்தியா?