எச்விசிக்கு அடுத்த கட்டளையை யார் விழுங்குகிறார்கள்?

ராவிழிப்பு:
பொழுதுபோக்காக நான் எழுதிவரும் குட்டி ஹைப்பர்வைசர் (ஒரே கணினியில் பல இயங்குதளங்களை ஓட்டும் மென்பொருள்) இன்டெல் செயலியில் ஓராண்டாக ஒழுங்காக ஓடுகிறது. கெஸ்ட் (அதற்குள் ஓடும் இயங்குதளம்) என்னைக் கூப்பிடும் 'விஎம்கால்' கட்டளையைப் போட்டதும் கட்டுப்பாடு என்னிடம் வருகிறது. ஆர்ஏஎக்ஸ் ரெஜிஸ்டரில் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) உள்ள எண்ணைப் பார்த்து வேலையை முடித்து, விடையையும் அதிலேயே வைத்து அனுப்பிவிடுகிறேன். இப்போது அதையே ஆர்ம் 64-பிட்டுக்குக் கொண்டுபோகிறேன். விஎம்கால் இருந்த இடத்தில் எச்விசி, ஆர்ஏஎக்ஸ் இருந்த இடத்தில் எக்ஸ்0.

கெஸ்ட் கூப்பிடுவது ஹைப்பர்வைசர் ஓடும் ஈஎல்2 நிலை வரை வந்து சேர்கிறது. ஏன் வந்தது என்று சொல்லும் காரண எண்ணும் எச்விசிக்குரிய 22 என்று சரியாகவே இருக்கிறது. எக்ஸ்0-இல் 7 வைத்துத் திருப்பி அனுப்புகிறேன். எச்விசிக்கு அடுத்த கட்டளை அந்த 7-ஐ நினைவகத்தில் எழுத வேண்டும். எழுதுவதில்லை! அங்கே பழைய சுழியமே கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் எதுவும் செய்யாத 'நாப்' கட்டளை ஒன்றைச் செருகினால் எல்லாம் சரியாகிவிடுகிறது. கேஷ் (செயலியின் தற்காலிக நினைவகம்) மீது சந்தேகப்பட்டு, கண்ட இடத்தில் எல்லாம் நினைவக வரிசையைக் காக்கும் பேரியர் கட்டளை போட்டு மூன்று இரவுகள் போய்விட்டன.

பழையகர்னல்:
கேஷ் பாவம், அதை விட்டுவிடுங்கள். கெஸ்டுக்குத் திரும்பும் முன், திரும்ப வேண்டிய முகவரி இருக்கும் ஈஎல்ஆர் ரெஜிஸ்டரில் எதையாவது கூட்டுகிறீர்களா?

ராவிழிப்பு:
ஆமாம், 4. இன்டெலில் விஎம்காலின் நீளம் 3 பைட் என்பதால் 3 கூட்டினேன். ஆர்மில் எல்லாக் கட்டளையும் 4 பைட்தானே?

பழையகர்னல்:
விழுங்கியது நீங்கள்தான். இன்டெலில் கெஸ்ட் வெளியே வரும்போது ஆர்ஐபி (கட்டளையின் முகவரி இருக்கும் ரெஜிஸ்டர்) அந்த விஎம்காலையே காட்டிக்கொண்டு நிற்கும். அதைத் தாண்டிவிடுவது நம் பொறுப்பு. ஆர்மில் எச்விசி நிறைவேறி முடிந்ததாகக் கணக்கு. அதனால் ஈஎல்ஆர் ஏற்கெனவே அடுத்த கட்டளையைக் காட்டுகிறது. அதன் மேல் நீங்கள் 4 கூட்டினால் எழுதும் கட்டளை காணாமல்தான் போகும். உங்கள் நாப் செய்த தொண்டு, அதற்குப் பதிலாகப் பலியானது.

இன்னொன்று: எண்களை மனம்போன போக்கில் வைக்காதீர்கள். ஆர்மின் அழைப்பு மரபில் எக்ஸ்0-இன் கீழ் 32 பிட்டில் செயல் எண் வரும். யாருடைய சேவை என்பதற்கு அதிலேயே 6 பிட் ஒதுக்கியிருக்கிறார்கள். ஹைப்பர்வைசர் தயாரிப்பாளருக்கு உரிய எண் 6. தெரியாத எண் வந்தால் எக்ஸ்0-இல் -1 வைத்து அனுப்புங்கள். கெஸ்ட் அதைப் பார்த்து, வசதி இல்லை என்று புரிந்துகொண்டு தன் வழியில் போகும்.

ஐந்தாம்படி:
ரிஸ்க்-வி செயலிக்கும் போகும் எண்ணம் இருந்தால் அந்தக் கூட்டலை அழித்துவிடாதீர்கள். அங்கே எச்விசி போன்ற 'ஈகால்' போட்டால், ஈஎல்ஆர் போன்ற எஸ்இபிசி அந்த ஈகாலையே காட்டும். 4 கூட்டியே ஆக வேண்டும். மறந்தால் கெஸ்ட் முடிவில்லாமல் உங்களையே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். எண்ணும் ஒன்றாக வராது: ஏ7 ரெஜிஸ்டரில் எந்தத் தொகுதி, ஏ6-இல் அதில் எந்தச் செயல். திரும்பும்போது ஏ0-இல் பிழை எண், ஏ1-இல் விடை. ஏஎம்டியில் கட்டளையே வேறு, விஎம்எம்கால். கெஸ்ட் தவறான ஒன்றைப் போட்டுவிட்டால், லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம் அதன் நினைவகத்திலேயே சரியானதை எழுதிவைக்கும். எனக்கு அந்தக் கரிசனம் பிடிக்காது. கெஸ்டின் நிரலில் நாம் கைவைப்பானேன்?

ராவிழிப்பு:
கூட்டலை எடுத்தேன், நாபை எடுத்தேன், 7 வந்துவிட்டது! அந்த உற்சாகத்தில் லினக்ஸை கெஸ்டாக ஏற்றினால், பிஎஸ்சிஐ (கோர்களை எழுப்பவும் அணைக்கவும் உள்ள ஆர்ம் இடைமுகம்) பதிப்பு எண்ணைக் கேட்கும் அழைப்பிலேயே சுற்றிச் சுற்றி வருகிறது. ஐந்தாம்படி சொன்ன அதே முடிவில்லாச் சுற்று, ஆனால் ஆர்மில். காரண எண் 23.

பழையகர்னல்:
23 என்றால் எஸ்எம்சி, ஃபர்ம்வேரைக் கூப்பிடும் கட்டளை. டிவைஸ் ட்ரீயில் (வன்பொருளை கெஸ்டுக்கு விவரிக்கும் கோப்பு) பிஎஸ்சிஐ-யின் 'மெத்தட்' என்ன என்று பாருங்கள். எஸ்எம்சியை நீங்கள் பொறிவைத்துப் பிடிக்கும்போது அது நிறைவேறுவதற்கு முன்பே பிடிபடுகிறது. ஈஎல்ஆர் அதையே காட்டும். அங்கே 4 கூட்ட வேண்டும்.

ராவிழிப்பு:
'எஸ்எம்சி' என்றுதான் இருந்தது. எங்கிருந்தோ நகலெடுத்த கோப்பு. 'எச்விசி' என்று மாற்றினேன். 23-க்கு மட்டும் 4 கூட்டும் வரியையும் சேர்த்துவிட்டேன். இரண்டாவது கோரும் எழுந்துவிட்டது.